கோலத்துக்குக் கணக்குக் கேட்பார் உண்டோ?

மார்கழி மாதத்து விடியற்காலையில் புதுவை முத்தியால்பேட்டைத் தெருக்களில் நடந்து சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். பனி இன்னும் விலகியிராது. கடற்காற்றில் ஈரம் கலந்திருக்கும். வாசல்தோறும் சாணம் தெளித்த தரையில் பெண்கள் குனிந்து நின்று புள்ளி வைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கையில் ஏடு இல்லை. எதிரே படமும் இல்லை. விரலிடுக்கிலிருந்து மாவு இழையாக இறங்கி, புள்ளிகளை வளைத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். நடுவே சாணவுருண்டையின்மேல் ஒரு பரங்கிப்பூ அமரும். பொழுது ஏறியதும் மிதிவண்டிச் சக்கரங்களும் நடப்போர் கால்களும் அதனை அழித்துவிடும். மறுநாள் அதே வாசலில் வேறொரு கோலம் தோன்றும்.

இதனை நாம் வீட்டுவேலை என்று சொல்லிப் பழகிவிட்டோம். கலை என்று சொல்வதற்குக் கூசுகிறோம். சம்பளம் இல்லாத வேலையாதலால் அதன் அருமையும் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் வாசலில் கோலமிடும் அதே கைதான் உள்ளே சென்று தறியில் அமர்கிறது. 2019-20-ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் ஈடுபட்டோர் 35 இலட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். வாசலில் நாள்தோறும் புதியதொன்றை ஆக்கும் கை, தறியில் அமர்ந்தவுடன் பிறர் கொடுத்த அட்டையை மட்டும் பின்பற்றும் கையாக மாறுவது ஏன்? சங்க அங்கத்தினர் அனைவரும் இதனைச் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும் என்பது நம் விண்ணப்பம்.

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். நூல் இருப்பு, சாயநூல் இருப்பு, முடிந்த சரக்கு எல்லாவற்றையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொண்டு வந்தபோது, புடவைக் கட்டுகளுக்கு இடையே ஒரு முழ நீளமுள்ள துண்டுத்துணி ஒன்று கிடந்தது. பதிவேட்டில் அதற்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. விரித்துப் பார்த்தோம். வெளுத்த பச்சைத் தரையில் மஞ்சள் நூலால் கையாலேயே கோத்து நெய்யப்பட்ட பரங்கிப்பூக்கள் நான்கு. நான்கும் ஒன்றுபோல் இல்லை. ஒன்று மொட்டு, ஒன்று அரைகுறையாக விரிந்தது, ஒன்று முழுதும் மலர்ந்தது, நான்காவது வெயிலில் துவண்டு இதழ் சுருங்கியது.

நெய்தவரை அழைத்து வரச் சொன்னோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். "பாவு முடிஞ்சு கொஞ்சம் மிச்சம் இருந்துதுங்க ஐயா. வாசல்ல வச்ச பூ கண்ணுலயே நின்னுது. நெய்து பார்த்தேன்" என்றார். சங்கத்து நூல் அங்கத்தினர் எல்லோருக்கும் பொதுச்சொத்து என்றும், ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு இருத்தல் வேண்டும் என்றும் எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "கோலத்துக்கு யாருங்க ஐயா கணக்குக் கேக்குறாங்க?" என்றார். செயலாளர் சிரித்தார், நாமும் சிரித்தோம். பதிவேட்டில் 'நூல் சேதாரம்' என்று எழுதிக் கையொப்பமிட்டுத் திரும்பினோம்.

எழுதியது விதிப்படி சரியே. கணக்கு வேண்டாம் என்று எழுதும் கூட்டுறவு ஆய்வாளர் தம் வேலையை விட்டு வீட்டுக்குப் போகலாம். கணக்குத் தவறிய சங்கங்கள் எத்தனை நெசவாளர் குடும்பங்களின் பங்குத்தொகையைக் கரைத்திருக்கின்றன என்பதை அங்கத்தினர் அறிவார்கள். ஆயினும் 'சேதாரம்' என்ற அந்தச் சொல் இன்றளவும் நம்மை உறுத்துகிறது. அந்த ஒரு முழத் துணியில் சேதமானது எது? சில பலுகு நூல். விளைந்தது எது? அதைப் பதிவதற்கு நம் பதிவேட்டில் கட்டமே இல்லை.

பழைய புடவைகளின் பெயர்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். தாழம்பூ ரேக்கு, மல்லிமொக்கு, மயில்கண், குயில்கண், ருத்திராட்சம், மாங்காய், பாலும் பழமும். இப்பெயர்களை எந்த அலுவலகமும் சுற்றறிக்கை அனுப்பிச் சூட்டவில்லை. ஒரு காலத்தில் எவரோ ஒருவர் தாழம்பூ மடலின் கூர்மையைக் கண்டு வியந்தார், கரையில் அதனை வைக்க முடியுமா என்று முயன்றார், இழை எண்ணிப் பார்த்தார், முதல் முறை கோணலாக வந்திருக்கும், மறுபடி முயன்றார். மயிலின் தோகையை எல்லோரும் பார்த்தோம். அதிலுள்ள கண்ணை மட்டும் பிரித்தெடுத்து ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கலாம் என்று கண்டவர் ஒருவரே. இன்று நாம் பெருமையோடு 'பாரம்பரியம்' என்று விற்பதெல்லாம் அன்று எவரோ ஒருவர் அனுமதி கேளாமல் செய்து பார்த்ததுதான். அவரையும் ஒரு ஆய்வாளர் தடுத்திருந்தால் நம் புடவைக்குக் கரை ஏது?

செய்து பார்த்தலில் அழகு மட்டும் பிறப்பதில்லை, அறிவும் பிறக்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோன்மணி அவர்கள் கோலத்தைக் கணிதக் கண்ணோடு நோக்கினார். அவரும் ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் கோலங்களின் அமைப்பைக் கணினி இயலுக்கு உரிய இலக்கணமாக வகுத்து 1974-ஆம் ஆண்டில் ஆய்வுரை வெளியிட்டனர். சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலம் எந்த விதிப்படி வளர்கிறது, ஒரே இழையால் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வர முடியுமா என்பவை கணித வல்லார் ஆராயத்தக்க வினாக்கள். நம் பாட்டிமார் இவற்றை வினாவாக எழுதவில்லை. நாள்தோறும் தரையில் செய்து பார்த்தார்கள். புள்ளி ஒன்று கூடினால் என்ன ஆகும் என்ற ஆவலே அவர்களுக்கு ஆசான்.

நம் புதுவையின் நீலத்தைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்லுதல் பொருந்தும். பிரெஞ்சுக்காரர் 1674-ஆம் ஆண்டில் இங்கு வந்து ஊன்றியதற்கு முதற்காரணம் துணி வாணிகமே. 'கினே' என்று அவர்கள் பெயரிட்ட நீலத்துணி இங்கிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குச் சென்றது. அங்கே கருவேல இனத்து மரங்களின் பிசினுக்கு ஈடாக அளக்கப்பட்டது. பாலைவனத்து மக்கள் அதனை விரும்பி உடுத்தார்கள்; சாயம் அவர்கள் மேனியிலும் ஒட்டிற்று. அது பெரும் வாணிகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நீளம், அகலம், நிறம் எல்லாம் கேட்பவர் சொற்படியே. ஐரோப்பிய ஆலைகள் அதேபோன்ற துணியை நெய்யத் தொடங்கியதும், 1897-ஆம் ஆண்டில் ஜெர்மானியர் ஆலையில் செய்த செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும், அந்த வாணிகமும் அவுரிச் சாகுபடியும் தளர்ந்தன. பிறர் சொன்னதை மட்டும் செய்யும் தொழிலுக்கு, அதையே மலிவாகச் செய்பவன் வரும்வரைதான் வாழ்வு.

அந்த ஆபத்து இன்று இன்னும் அருகில் நிற்கிறது. ஒரு கைத்தறிப் புடவையின் படம் கைப்பேசியில் போன சில நாட்களில் அதன் சாயல் விசைத்தறியில் ஓடத் தொடங்கிவிடுகிறது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணிவகைகளுக்கு வேலி போட்டிருக்கிறது. ஒருவர் இன்று காலையில் கண்ட பூவுக்கு எந்தச் சட்டமும் வேலி போட இயலாது. விசைத்தறி நேற்றைய வடிவத்தை எளிதில் நகல் எடுக்கும். நாளைக்கு நம் அங்கத்தினர் எதைக் கண்டு வியக்கப்போகிறார் என்பது அதற்குத் தெரியாது. நம்மிடம் எஞ்சியிருக்கும் மூலதனம் இதுவே என்றால் மிகையாகாது.

மேல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றையும் கூறுவோம். இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்பவர் சாயத்திலும் நெசவிலும் தாமே கைவைத்துப் பழகியவர். அவுரித் தாழியில் முக்கி முக்கி அவர் கைகள் நீலம் பாய்ந்திருந்தன. அவருடைய கெல்ம்ஸ்காட் வீட்டுத் தோட்டத்தில், வலை கட்டிய பாத்திக்குள் பறவைகள் புகுந்து ஸ்ட்ராபெரிப் பழங்களைத் திருடின. வேறொருவர் கல்லெடுத்து எறிந்திருப்பார். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். 1883-ஆம் ஆண்டில் 'ஸ்ட்ராபெரித் திருடன்' என்ற பெயரோடு அப்பறவைகள் ஒரு துணியில் வந்து அமர்ந்தன. துணி முழுவதையும் நீலத்தில் தோய்த்து, வேண்டிய இடங்களில் நீலத்தை நீக்கி, பிற நிறங்களை ஏற்றும் கடினமான முறையில் அது அச்சிடப்பட்டது. நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்தும் அந்த வடிவம் விற்கிறது.

அத்தனை தூரம் போக வேண்டுவதும் இல்லை. புதுவையில் 1959-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஸ்ரீ அரவிந்த ஆசிரமக் கைக்காகித ஆலையில், பருத்தித் துணிக் கழிவு அழகிய காகிதமாகிறது. பசையூட்டிய நீரின்மேல் வண்ணங்களைத் தெளித்து, அவை தாமே பரவி நெளியும் நிலையில் காகிதத்தைப் படிய வைத்து எடுக்கும் முறை ஒன்று உண்டு. ஒரு தாள்போல் மறுதாள் அமையாது. வண்ணம் எப்படி ஓடும் என்று செய்பவருக்கே முழுவதும் தெரியாது; பாதி அவர் செயல், பாதி நீரின் செயல். நெசவாளர் கழித்த துணி இப்படி உருமாறுகிறது. கழிக்காத நூலைக் கையில் வைத்திருக்கும் நாம் தயங்குகிறோம். பக்கத்து வில்லியனூரில் களிமண்ணைப் பிசைந்து உருவாக்கிய முனுசாமி அவர்களுக்கு 2020-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மண்ணுக்குக் கிடைத்த மதிப்பு நூலுக்கும் கிடைக்கலாகாதா?

இங்கே செயலாளர்கள் எழுப்பக்கூடிய மறுப்புகளை நாம் அறிவோம். "நூறு புடவைக்கு உத்தரவு வந்தால் நூறும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். ஆளுக்கொரு பூ நெய்தால் வாங்குவோர் யார்? சரக்குத் தேங்கினால் பொறுப்பு யாருடையது?" என்பார்கள். இது நியாயமான கேள்வி. உத்தரவு உத்தரவுப்படியே நெய்யப்பட வேண்டும். அதில் ஓர் இழையும் மாறலாகாது. "ஜக்கார்டு அட்டை மாற்றுவதற்கு நாளும் பணமும் ஆகும்" என்பார்கள். அதுவும் உண்மை. ஆனால் கோடும் கட்டமும் அட்டை கேட்பதில்லை. பாவின் நிற வரிசையும் ஊடையின் நிறமும் மாறினாலே போதும். கையால் கோக்கும் புட்டாவுக்கும் அட்டை வேண்டுவதில்லை. மூன்றாவதான ஒரு மறுப்பை அவர்கள் சொல்வதில்லை, அங்கத்தினர் சொல்கிறார்கள்: "துண்டுக்கூலிக்கு நெய்கிறோம், புதிதாக முயலும் நேரத்துக்குக் கூலி யார் தருவார்?" மூன்றிலும் இதுவே முதன்மையானது. பசித்த வயிற்றோடு பூவைப் பார் என்று எவரையும் ஏவ நமக்கு உரிமை இல்லை.

பயிரிடும் அங்கத்தினர் இதில் தமக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். அவுரி அவரைக் குடும்பத்துப் பயிர், மண்ணுக்கு உரமாகும், திண்டிவனம் பக்கத்தில் இன்றும் விளைகிறது. சுண்ணாம்பும் தகரை விதையும் இட்டுப் புளிக்கவைத்த அவுரித் தாழியிலிருந்து துணியைத் தூக்கும்போது அது நீலமாக இராது. மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். இதனை ஒருமுறை பார்த்த சிறுவன் 'ஏன்?' என்று கேளாமல் இருக்கமாட்டான். தேக்கந்தளிரை உள்ளங்கையில் கசக்கினால் சிவக்கும். இரும்புத் துண்டுகளை வெல்லநீரில் ஊறவைத்து, கடுக்காய் ஏற்றிய துணியில் அந்நீரைத் தொட்டால் கறுக்கும். ஆயுதபூசை முடிந்து விலை விழுந்தபின் சாலையோரத்தில் கொட்டப்படும் செண்டுமல்லி, படிகாரம் ஏற்றிய நூலுக்கு நல்ல மஞ்சள் தரும். எல்லா நிறமும் நிற்கும் என்று நாம் சொல்லவில்லை. மஞ்சட்கிழங்கின் நிறம் வெயிலில் வெளுத்துவிடும் என்பதை ஒவ்வொரு இல்லத்தரசியும் அறிவார். எது நிற்கும், எது ஓடும் என்பதைத் துவைத்தும் வெயிலில் உலர்த்தியும் சோதித்தல் வேண்டும். அந்தச் சோதனையும் கண்டுபிடிப்பில் ஒரு பகுதியே.

ஆகவே சங்கங்களின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது: ஒவ்வொரு பாவின் முடிவிலும் எஞ்சும் ஒரு முழம் நெய்பவருக்கே உரியது ஆகட்டும். அதில் அவர் கண்டதை நெய்யலாம். கண்டதை என்றால் வாசற்பூவோ, ஆலமர விழுதோ, அலை வாங்கிய மணலில் நிற்கும் வரிகளோ, நண்டு ஓடிய தடமோ எதுவும் ஆகலாம். செலவான நூலின் எடை பதிவேட்டில் ஏறட்டும். தலைப்பு மட்டும் 'சேதாரம்' என்பதற்குப் பதில் 'மாதிரி' என்று இருக்கட்டும்.

இரண்டாவது: சங்கந்தோறும் மாதிரி ஏடு ஒன்று வைக்கப்படட்டும். துணியை அதில் தைத்து, நெய்தவர் பெயர், நாள், எதைக் கண்டு நெய்தார் என்ற குறிப்பு மூன்றையும் எழுதி வைத்தல் வேண்டும். அம்மாதிரி விற்பனைக்கு வந்தால் புடவை ஒன்றுக்கு இவ்வளவு என்று நெய்தவருக்கு ஒரு பங்கு போகட்டும். நாளைக்கு ஒருவன் அதனைத் தன்னுடையது என்று சொன்னால் அந்த ஏடு சாட்சி சொல்லும்.

மூன்றாவது: மாதம் ஒரு நாள் நெசவாளரும் பயிரிடுவோரும் தம் குழந்தைகளோடு ஓரிடத்தில் கூடட்டும். ஒரு சாயத்தாழி, கொஞ்சம் வெள்ளை நூல், வயலிலிருந்து வந்த இலை, பூ, பட்டை. சொற்பொழிவு வேண்டா, தலைவர் தேர்வும் வேண்டா. எதைத் தோய்த்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதே அன்றைய நிகழ்ச்சி நிரல்.

நான்காவது, செலவு. இம்முயற்சிக்குச் செலவாகும் நேரத்துக்குச் சிறு கூலியும் நூலும் கூட்டுறவுக் கல்விக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து, பொதுக்குழுவின் ஒப்புதலோடு வழங்கப்படலாம். ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டில் 28 பேர் கூடிக் கடை திறந்த வரலாறு கூட்டுறவாளர் அனைவரும் அறிந்ததே. அவர்களில் நெசவாளரும் இருந்தனர். வயிற்றுக்கு மாவும் வெண்ணெயும் விற்கத் தொடங்கியவர்கள், பின்னர் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, நூலகமும் படிப்பகமும் நடத்தினர். வறுமையில் வாழ்ந்தவர்களுக்கே அது முடிந்தது. நம் கல்வித் தொகை துண்டுப்பிரசுரத்துக்கும் மாலை மரியாதைக்கும் மட்டும் பயன்படுதல் போதுமா? பார்க்கவும் வினவவும் பழகுவதே கல்வியின் தொடக்கம் என்றால், தறியடியிலும் அக்கல்வி நடைபெறல் தகும்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தறியை விட்டுப் போகிறார்கள் என்று எல்லாக் கூட்டங்களிலும் வருந்துகிறோம். கூலி குறைவு என்பது முதற்காரணம். அதனை எவரும் மறுக்க இயலாது. அதற்கான போராட்டமும் தொடர வேண்டும். ஆனால் தன் தாய் நாள் முழுவதும் பிறர் சொன்ன புள்ளியை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்க்கும் பெண்ணுக்கு அத்தொழிலில் என்ன ஆவல் எழும்? அதே தாய், "இன்று என்ன பூ கண்டாய், சொல், நாளைக்கு நெய்து பார்ப்போம்" என்று கேட்டால், அவள் தறியில் அமராமற்போனாலும் தறியை அற்பமாக எண்ணமாட்டாள்.

அந்த அம்மையாரின் சங்கத்துக்கு இரண்டாண்டு கழித்து மறுபடியும் ஆய்வுக்குச் சென்றோம். நாம் சேதாரம் என்று எழுதிய துண்டு இருப்பு அறையில் இல்லை. கேட்டபோது செயலாளர் சற்றுக் கூச்சத்தோடு சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் நான்கு பரங்கிப்பூக்களும் இருந்தன. கீழே அம்மையாரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. கட்டத்துக்குள் அடங்காத அதனை எந்தத் தலைப்பில் பதிவது என்று அவர் கேட்டார். பழைய பக்கத்தைப் புரட்டி, நாம் எழுதிய சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, அருகே 'மாதிரி' என்று எழுதி, திருத்தத்துக்குக் கையொப்பமும் இட்டோம். அப்பதிவேடு வேறொரு மேலாய்வுக்குப் போனால் அதற்கு விளக்கம் கேட்கப்படலாம். கேட்டால், வரும் மார்கழியில் முத்தியால்பேட்டைக்கு வந்து பார்க்குமாறு பணிவோடு விடை எழுதுவோம்.